நம் பிள்ளைகளும் உலக நீதிக்காக உழைக்கலாம்

(தோட்ட வாசிகசாலையில் நடைபெற்ற இளைஞர் கழகக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதிர்கால உத்தியோகம்" என்ற தலைப்பில் பேசும்படி கழகத்தினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். வழக்கமாக இப்படியான கூட்டங்களில் ஆசிரியர் வேலை, தாதி வேலை, கிராம சேவகர் வேலை பற்றித்தான் சொல்வோம். அவை எல்லாம் நல்ல வேலைகள்தான். ஆனால் இன்று நான் வேறொரு வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கு முன் என் பக்கத்தில் உள்ள ஒரு தவற்றை உங்கள் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில வாரங்களுக்கு முன் நமது பாடசாலையில் பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தோம். "பத்து வருடங்களின் பின் நான்" என்பது தலைப்பு. சிலர் ஆசிரியர் என்று எழுதினார்கள். சிலர் பொலிஸ் என்றார்கள். பலர் கொழும்பில் கடை வேலை என்றும் வெளிநாடு என்றும் எழுதினார்கள். ஒரு பிள்ளை மட்டும் இப்படி எழுதியிருந்தது: "நான் ஐக்கிய நாடுகள் சபையில் வேலை செய்வேன். எங்களைப் போல தோட்டங்களில் இருக்கிற ஆட்களுக்கு எல்லா நாட்டிலும் நியாயம் கிடைக்கப் பாடுபடுவேன்."

நான் அதைச் சத்தமாக வாசித்தேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

இரண்டு நாள் கழித்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில் அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம் வந்தார்.

"ஐயா, புள்ள ஸ்கூலுக்குப் போகமாட்டேங்குது. கூடப் படிக்கிறதுக சிரிச்சா பரவாயில்லீங்க. நீங்களும் சிரிச்சிட்டீங்களாமே?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. காரணம், அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்பது எனக்கே தெரியும். நானும் லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, மேலே படிக்க விண்ணப்பப் படிவம் வாங்க ஒரு காரியாலயத்துக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்தவர், "தோட்டத்துப் பையனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். நான் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவன், அதை நிரப்பவேயில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. அதே சிரிப்பை ஒரு பிள்ளையிடம் நானே சிரித்திருக்கிறேன்.

அன்று மாலையே அந்த லயத்துக்குப் போனேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அது ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: "ஐயா, அப்படி ஒரு வேலை இருக்கா, இல்லையா?" தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நான் தேடிப் பார்த்ததைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அது என்ன வேலை?

சர்வதேச அபிவிருத்தி, உலக நீதி என்று பெரிய பெரிய சொற்களாகச் சொல்வார்கள். நமக்குத் தெரிந்த தராசை வைத்துப் பார்த்தால் விளங்கும். ஒரு அக்கா கொழுந்தைக் கொண்டு வந்து தராசில் போடுகிறார். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிக்கிறார்கள். கழித்தது சரியா, கூடுதலா என்று அந்த அக்காவின் தோளுக்குத் தெரியும். "இது நியாயமில்லை" என்று அவர் வாய் திறந்து சொன்னால், அது தோட்டத்து நீதி.

அந்தக் கொழுந்து ஸ்டோருக்குப் போகிறது. தூளாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. கப்பலேறி எங்கெங்கோ போகிறது. கடைசியில் யாரோ ஒருவர் ஒரு கோப்பைத் தேநீருக்குக் கொடுக்கும் காசில், கொழுந்து பறித்த கைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது? இந்தக் கேள்வியை நாம் மட்டும் கேட்கவில்லை. அசாமில் கேட்கிறார்கள். கென்யாவிலும் மலாவியிலும் கேட்கிறார்கள். நாடு நாடாகப் போய் இந்தக் கேள்வியைக் கேட்டு, கணக்குப் பார்த்து, எழுதி, உரியவர்களிடம் கொண்டுபோய் வைப்பதற்கும் ஆட்கள் வேண்டும். அதுதான் உலக நீதிக்கான வேலை.

குடிநீர், மலசலகூடம், பிள்ளைக் காம்பரா, பாடசாலை, பாதை, தாய் சேய் சுகாதாரம் ஆகியவற்றை வசதியற்ற மக்களோடு சேர்ந்து உருவாக்குவது அபிவிருத்தி வேலை. இதையும் நாடு கடந்து செய்கிறார்கள். இதற்குத் தாதிமார் வேண்டும், கணக்காளர் வேண்டும், பொறியியலாளர் வேண்டும், சட்டத்தரணி வேண்டும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும், வாகனச் சாரதியும் வேண்டும். ஆகவே இது ஒரே ஒரு உத்தியோகம் என்று நினைத்துவிடக் கூடாது. பல உத்தியோகங்கள் ஒரே நோக்கத்துக்காகச் சேர்கின்றன.

நமக்கே நடந்தது

இதெல்லாம் தூரத்துக் கதை என்று சிலர் நினைக்கலாம். நமது வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நமது மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக ஆனார்கள். 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. எத்தனையோ குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து கப்பலேறின. இங்கேயே தங்கியும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இருந்தவர்களில் என் அப்பாயியும் ஒருவர். தேயிலை மலையில் நாற்பது வருடம் உழைத்த கைக்கு ஓர் அடையாள அட்டை கிடைக்கவில்லை. பஸ்ஸில் சோதனைக்கு நிறுத்தினால் அவர் உடம்பு நடுங்கும்.

2003 ஆம் ஆண்டில் 35 ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை என்று சட்டம் சொன்னது. சட்டம் வந்தால் மட்டும் போதுமா? மலைக்கு மலை போய்ச் சொல்ல வேண்டாமா? படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு யார் நிரப்பிக் கொடுப்பது? அரசாங்க அதிகாரிகளும், தொழிற்சங்கத்தினரும், தொண்டர்களும் இறங்கி வேலை செய்தார்கள். அந்த இயக்கத்துக்குப் பக்கபலமாக நின்றது அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகராலயம். பத்து நாட்களில் சுமார் 190,000 பேருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. உலகத்தில் நாடற்றவர் பிரச்சினை பற்றிப் பேசும் இடங்களில் இன்றும் இதை ஒரு நல்ல உதாரணமாகச் சொல்கிறார்கள்.

அப்போது நான் இளைஞன். எங்கள் தோட்டத்தில் ஒரு மேசை போட்டுப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அப்பாயியின் படிவத்தையும் நானே நிரப்பினேன். அவர் பெருவிரலை மையில் வைக்கும்போது, "இனிமே என்னைய எங்கயும் அனுப்ப மாட்டாங்கல்ல?" என்று கேட்டார்.

தம்பி தங்கைகளே, அந்தப் பத்து நாளும் நான் செய்த வேலைக்குப் பெயர் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. அந்தப் பிள்ளை தாளில் எழுதிய அதே வேலைதான் அது. ஒரு நாள் நானே செய்த வேலையை ஒரு பிள்ளை ஆசைப்பட்டபோது நான் சிரித்திருக்கிறேன்.

யார் செய்தார்கள்?

மூன்று பேரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாமவர் கோ. நடேசய்யர். வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத அந்தக் காலத்தில், புடவை வியாபாரி போல உள்ளே வந்து நமது முன்னோரின் நிலையைக் கண்ணால் பார்த்தவர். பார்த்ததைப் பத்திரிகைகளில் எழுதினார். சட்ட சபையில் பேசினார். 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனத்தை ஆரம்பித்தார். அவரது துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டாலும் பேச்சாலும் மக்களை விழிக்கச் செய்தார். நீதிக்கான வேலையின் முதல் படி போய்ப் பார்ப்பதும், பார்த்ததை எழுதுவதும்தான்.

இரண்டாமவர் ரிகோபெர்ட்டா மென்சூ. மத்திய அமெரிக்காவில் உள்ள குவாட்டமாலா நாட்டைச் சேர்ந்த பெண். 1959 இல் மலைப்பகுதி ஆதிக்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஏழை மக்கள் பிள்ளை குட்டிகளோடு கடற்கரைப் பக்கத்துப் பெரிய தோட்டங்களுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போவார்கள். அவருடைய தாய்மொழி அந்த நாட்டு அரசாங்க மொழியல்ல. ஆகவே ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டார். உள்நாட்டுப் போரில் பெற்றோரையும் சகோதரரையும் இழந்தார். 1981 இல் நாட்டை விட்டே ஓட வேண்டியிருந்தது. ஆனாலும் தன் மக்களுக்கு நடந்ததை உலகத்துக்குச் சொன்னார். 1992 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பழம் பறித்த கைகளின் பிள்ளைதான் அவரும்.

மூன்றாமவர் இந்தியாவின் கைலாஷ் சத்யார்த்தி. மின்பொறியியல் படித்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுச் சிறுவர் தொழிலுக்கு எதிராக இறங்கினார். 1998 இல் அவர் முன்னின்று நடத்திய உலக நடைப்பயணம் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளைத் தொட்டு ஜெனீவாவில் முடிந்தது. அடுத்த வருடம், 1999 இல், சர்வதேச தொழில் தாபனம் மிக மோசமான சிறுவர் தொழில்களை ஒழிக்கும் 182 ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2020 ஆம் ஆண்டில் அந்தத் தாபனத்தின் 187 உறுப்பு நாடுகளும் அதை ஏற்று முடித்தன. எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட முதல் தொழில் உடன்படிக்கை அதுவேயாகும். சத்யார்த்திக்கு 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது.

நமது நாட்டில் பிள்ளைகளை வேலைக்கு வைக்கும் குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போன நமது பெண் பிள்ளைகளின் கதை இங்கிருக்கும் தாய்மாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கோ ஜெனீவாவில் எழுதும் ஒரு வரிக்கும் நமது லயத்துப் பிள்ளைக்கும் தொடர்பு இருக்கிறது.

தலைவர்மார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1919 இல் ஆரம்பித்த அந்தச் சர்வதேச தொழில் தாபனத்தின் வருடாந்த மாநாட்டில், ஒவ்வொரு நாட்டின் சார்பிலும் அரசாங்கத்தார் இருவரும், முதலாளிமார் தரப்பில் ஒருவரும், தொழிலாளர் தரப்பில் ஒருவரும் அமர்கிறார்கள். தொழிலாளியின் நாற்காலி அங்கே ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. தோட்டங்களுக்கென்றே 1958 இல் 110 ஆம் உடன்படிக்கையும் செய்திருக்கிறார்கள். இலங்கை 1995 இல் அதை ஏற்றுக்கொண்டது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எப்படித் தயாராவது?

பிள்ளைகள் கொப்பியை எடுத்துக் குறித்துக்கொள்ளலாம்.

1. பிறப்புச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் முதலில் சரியாக இருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்துங்கள். நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் ஓடி வந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

2. சாதாரண தரத்தோடு நின்றுவிடாதீர்கள். உயர்தரத்தில் எந்தப் பிரிவைப் படித்தாலும் இந்தத் துறைக்கு வழி உண்டு. பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. சமூகப்பணியைத் தொழிலாகவே படிக்க விரும்புவோருக்குச் சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் டிப்ளோமாவும் பட்டமும் வழங்குகிறது.

3. மூன்று மொழி வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் உத்தியோகபூர்வ மொழிகள் ஆறு. தமிழ் அதில் இல்லை, ஆங்கிலம் இருக்கிறது. அதே சமயம் இலங்கைக்குள் வேலை செய்ய வரும் எந்த நிறுவனத்துக்கும் தமிழும் சிங்களமும் தெரிந்தவர்கள் கட்டாயம் தேவை. ஆங்கிலம் மட்டும் தெரிந்த கொழும்புப் பிள்ளைக்கு இல்லாத ஒரு பலம் உங்களுக்கு இருக்கிறது.

4. இன்றைக்கே பழகத் தொடங்குங்கள். இளைஞர் கழகக் கூட்ட அறிக்கை எழுதுவது யார்? கணக்கு வைப்பது யார்? ஒவ்வொரு லயத்திலும் எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது, எத்தனை பிள்ளைகள் பாடசாலையை விட்டு நின்றிருக்கிறார்கள் என்று எண்ணி எழுதிப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் செய்யும் வேலையும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

5. ஏமாறாதீர்கள். "ஐக்கிய நாடுகள் சபையில் வேலை எடுத்துத் தருகிறேன், இவ்வளவு கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் அவன் கள்ளன். அந்தச் சபை ஆட்சேர்ப்பின் எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை. தோடு, சங்கிலியை அடகு வைக்கும் முன் என்னிடமோ அதிபரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள்.

மறுபக்கம்

ஆசை காட்டி அனுப்பிவிட்டேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது. ஆகவே மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த வேலைகளில் பல நிரந்தரமானவை அல்ல. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். போட்டி அதிகம். வீட்டை விட்டுத் தூரத்தில் இருக்க வேண்டிவரும். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. நல்லது செய்ய வருகிறவர்கள் எல்லோரும் நல்லதைச் செய்து முடிப்பதில்லை. நான் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில் ஒரு நிறுவனம் வந்து தண்ணீர்த் திட்டம் போட்டது. திறப்பு விழா, மாலை, படம் எல்லாம் நடந்தது. இரண்டு வருடத்தில் குழாய் பழுதானது. அதைக் கழற்றிப் பூட்ட அங்கே ஒருவருக்கும் பழக்கிக் கொடுக்கவில்லை. பெண்கள் பழையபடி குடத்தோடு பீலிக்குப் போனார்கள். பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று நின்றது. குழாயை எங்கே போடுவது என்று தண்ணீர் தூக்குகிற பெண்களிடம் யாருமே கேட்கவில்லை. நானும் அங்கே இருந்தேன், நானும் கேட்கவில்லை.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்கள் அப்படியே புதைந்துபோயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். போவதற்கு வேறு வீடு இல்லாவிட்டால் எச்சரிக்கையை வைத்து என்ன செய்வது? தாளில் உள்ளதை மக்களிடமும், மக்களிடம் உள்ளதை மேலிடத்துக்கும் கொண்டுபோய், வீடு கிடைக்கும் வரை விடாமல் நிற்கிற ஆள் எவ்வளவு தேவை என்பதை அந்த மண் நமக்குச் சொல்கிறது. லயத்தில் வாழ்ந்த பிள்ளை அந்த வேலைக்கு வந்தால், குழாயை எங்கே போடுவது என்று கேட்காமல் விடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம் கேட்டார்: "ஆசப்படுறது சரிங்கய்யா. நடக்காட்டி புள்ள மனசு ஒடஞ்சு போகாதா?"

அக்கா, நடக்கும் என்று நான் எழுதித் தர முடியாது. ஒருவேளை அது ஜெனீவாவுக்குப் போகாமல் இங்கேயே ஆசிரியராக வரலாம், தாதியாக வரலாம், என்னைப் போல நலன்புரி உத்தியோகத்தராகவும் வரலாம். அந்த ஆசைக்காகப் படித்த படிப்பும், கற்ற மொழியும், எண்ணிப் பழகிய கணக்கும் எங்கேயும் போய்விடாது. தராசு முன்னால் நின்று "இது நியாயமா?" என்று மூன்று மொழியில் கேட்கத் தெரிந்த ஒரு பெண் இந்தத் தோட்டத்தில் இருந்தாலே அது சின்ன விஷயமல்ல. நான் கண்ட வரையில், நடக்காத ஆசையைவிட, ஆரம்பிக்காத ஆசைதான் மனிதனை அதிகமாக உடைக்கிறது. என் சட்டைப் பையில் கிடந்த படிவம் அதற்குச் சாட்சி.

ஆகையால் பெற்றோர் மூன்று காரியம் செய்தால் போதும். உயர்தரம் முடியும் வரை பிள்ளையை வேலைக்கோ கலியாணத்துக்கோ அவசரப்படுத்தாதீர்கள். இரவில் இரண்டு மணித்தியாலம் தொலைக்காட்சியை நிறுத்தி, காம்பராவில் படிக்க ஒரு மூலை கொடுங்கள். பிள்ளை பெரிதாக ஏதாவது சொன்னால் சிரிக்காதீர்கள்.

அந்தப் பிள்ளை ஒரு வாரத்துக்குப் பிறகு பாடசாலைக்குத் திரும்பி வந்தது. இப்போது இந்த மண்டபத்தில்தான் இருக்கிறது. எங்கே என்று நான் காட்டப்போவதில்லை. அதன் அனுமதியோடு அந்தத் தாளை இன்று கொண்டு வந்திருக்கிறேன். அன்று சிரித்துக்கொண்டு வாசித்ததை இன்று ஒழுங்காக வாசிக்கிறேன்:

"நான் ஐக்கிய நாடுகள் சபையில் வேலை செய்வேன். எங்களைப் போல தோட்டங்களில் இருக்கிற ஆட்களுக்கு எல்லா நாட்டிலும் நியாயம் கிடைக்கப் பாடுபடுவேன்."

பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில்: இருக்கிறது மகள், அப்படி ஒரு வேலை இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து இந்த வாசிகசாலையில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை திருத்த வேலைகளுக்காக நான் உட்கார்ந்திருப்பேன். அந்த வேலைக்கான முதல் படியை அங்கேயே வைக்கலாம். எல்லோரும் வாருங்கள்.